நடுவுக்கு வந்த குரல்

2007 மார்ச் 14, புதன்கிழமை

அண்ணையும் நானும் கனகாலமாக் கேக்கிற அந்தப் பழைய ராக் அல்பத்தைப் புதுசா மிக்ஸ் பண்ணித் திரும்ப விட்டிருக்கினம். எங்கட பத்திரிகைக்கு நான்தான் விமர்சனம் எழுதிக் குடுத்தனான். இடக்காதில கிற்றார், வலக்காதில பாட்டு எண்டு பிரிஞ்சு கேக்கிறதுதான் அதின்ர வடிவு, எல்லாத்தையும் நடுவுக்கு இழுத்துக் கெடுத்துப்போட்டினம் எண்டு எழுதினன். மற்ற விமர்சகர்களும் அப்பிடித்தான் திட்டியிருக்கினம்.

பின்னேரம் இல்ஃபோர்டில அண்ணை வீட்டை போனன். அவர் ஹெட்போனில அந்தப் புது மிக்ஸைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில ஷெல் குண்டு விழுந்த நாளில இருந்து அவருக்கு வலது காது கேளாது.

"இவன் இப்பிடிப் பாடுறவன் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்," எண்டார். "நீ என்ன எழுதினனீ?"

"கெட்டுப்போச்சு எண்டு எழுதினன், அண்ணை."

"ஆருக்குக் கெட்டுப்போச்சு?"

அவர் கோவிக்கேல்லை, விளங்காமல்தான் கேட்டார்.

இவ்வளவு காலமும் அவர் கிற்றாரை மட்டும்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அது ஏன் ஒருநாளும் தோன்றேல்லை?

விமர்சனம் நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஆசிரியருக்கு போன் அடிச்சு நிப்பாட்டலாம். அடிச்சு என்ன சொல்லுறது? இப்பவும் எனக்குப் பழசுதான் வடிவு. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டதையும் பார்த்திட்டன். ரெண்டையும் ஒரே விமர்சனத்தில எப்பிடி எழுதுறது எண்டு தெரியேல்லை.