பள்ளம் காட்டும் கை

அன்பானவனே,

வீட்டுக்குத் திரும்பி வருவாயா என்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் இன்றைய சைக்கிள் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தார்ச்சாலையில் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். மண்சாலை தொடங்கியதும் எல்லோரும் சிதறிவிட்டார்கள். கான்சாஸ் காற்றும் நானும்தான். பள்ளம் வந்தபோதெல்லாம் கையை இறக்கிக் காட்டிக்கொண்டே போனேன். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு முன்னால் போகும் சைக்கிள் பள்ளத்தை மறைக்கும், முன்னால் போகிறவர்தான் காட்ட வேண்டும்.

வருஷா வருஷம் நம்மோடு ஓட்டும் லைல் எட்டிப் பிடித்துச் சிரித்தான். "யாருக்கும்மா கை காட்டுற? பின்னாடி ஒரு மாடுகூட இல்லையே!"

"பழக்கம்."

"உன் புருஷன் எங்க? வருஷா வருஷம் உன் சக்கரத்துலயே ஒட்டிக்கிட்டு வருவானே?"

"முழங்கால் வலி" என்றேன். நான் அக்கா வீட்டில் இருப்பதைச் சொல்லவில்லை.

"சரி, இன்னைக்கு நான் ஒட்டிக்கிறேன்."

வந்தான். அதன்பின் என் கை கைப்பிடியை விட்டு எழவே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி அவன் டயர் டமாரென்று வெடித்தது.

"அடிப்பாவி! காத்துக்குக் காட்டின, ஆளுக்குக் காட்ட மாட்டியா?"

நின்று என் மாற்று டியூபைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கை உனக்காகவே பழகியது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?

இப்போது காரில் உட்கார்ந்திருக்கிறேன். கால்கள் இன்னும் மிதிப்பது போலவே இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வடக்கே திரும்ப வேண்டும்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, ஆனாலும் வாசல் மணிதான் அடிப்பேன். நீயே வந்து திற. திறந்ததும் ஏதாவது பேசு. நம் வீட்டில் முன்போல இன்னொரு மாதம் மௌனமாக இருக்க என்னால் முடியாது.

இன்னும் உன்னுடைய,
நான்