நீ பார்த்த இருபத்தொன்று

மாமாங்கப் பிள்ளையார் துணை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
தை 27, செவ்வாய்

அன்புள்ள மகன் மிதுசனுக்கு,

நீ வன்கூவரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவும் புது வேலையில் நல்ல பெயர் எடுக்கவும் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்களும் இங்கே சுகம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் நீ இடையில் மறித்து ஏன் எதற்கு என்று கேட்பாய், நான் கதையை மாற்றிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன், பக்கத்து வீட்டு றோசலின் அன்ரி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவா. முழுவதையும் வாசித்த பிறகு எடு. அப்பாவுக்கு வெறும் தடிமன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன் அல்லவா, அது பொய். நியூமோனியா. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். அது வந்தது என்னால்தான்.

போன வருடம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். உன் போனில் எங்கள் வீட்டுச் சூடு பதின்மூன்று என்று காட்டியதாம், நீ நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் விமானம் ஏறி வந்து நின்றாய். வந்து பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் ஒழுங்காக ஓடுகிறது, அப்பா முன்வீட்டு மனிதருடன் கடதாசி விளையாடுகிறார். அந்த வேலை போனதால் எட்டு மாதம் நீ சும்மா இருந்தாய். அதை நாங்கள் ஒருநாளும் உன்னிடம் பேசவில்லை, ஆனால் நானும் அப்பாவும் பேசாத நாள் இல்லை. இப்போது கிடைத்த வேலையிலும் மாசி முடியும் வரை பரீட்சார்த்தக் காலம் என்று சொன்னாய். மாசி வரைக்கும் இந்த வீட்டில் எது உடைந்தாலும் உன் காதுக்குப் போகக்கூடாது என்று நான் முடிவெடுத்தேன்.

பதினைந்தாம் திகதி காலை எழும்பினால் வீடு விறைத்துக் கிடந்தது. வெளியே சைபருக்கு இருபத்தேழு பாகை கீழே. சுவரில் தெர்மோஸ்டாட், உன் போனுக்கும் வீட்டுச் சூட்டை அனுப்புகிற அந்தப் பெட்டி, பதினைந்து என்று காட்டியது. நீ எழுதி ஒட்டிவிட்டுப்போன தாளில் உள்ளபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். முனைக்கடை டெப்பனருக்கு ஓடிப்போய்ப் புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன், நிலவறைப் படியில் உள்ள சிவப்புச் சுவிட்ச் போட்டபடி இருக்கிறதா என்று பார்த்தேன், கீழே போய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது சைபரில் படுத்துக் கிடந்தது. தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்து முள் பன்னிரண்டுக்கு வந்ததும் பூட்டி, பொத்தானை அமர்த்தினேன், பொயிலர் பற்றிக்கொண்டது. எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறாய். டோர்வல் விமான நிலையச் சமையலறையில் பதினாறு வருடம் விமானச் சாப்பாட்டு அடுப்புகளோடு மல்லுக்கட்டியவள் அல்லவா நான்.

ஆனால் பொயிலர் தண்ணீர் ஓடுகிற அந்த இரும்பு ரேடியேட்டர்கள் சூடேறி அறைகள் சூடாக அரை நாள் எடுக்கும். எங்களுக்குப் பத்து மணி என்றால் உனக்கு ஏழு, கண் விழித்ததும் நீ போனைத்தான் பார்ப்பாய். ஒன்பதரைக்கும் சுவரில் பதினைந்துதான். அந்த நேரத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. ரைஸ் குக்கரில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, ஒரு முக்காலியில் ஏற்றித் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே வைத்தேன். பத்து மணிக்கு அது இருபத்தொன்று காட்டியது. நீயும் போன் எடுத்து, வீடு நல்ல சூடா இருக்குப் போல அம்மா என்று கேட்டாய், நானும் ஓம் மகன் என்றேன். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

பின்னேரம் பார்த்தால் பொயிலர் நின்றுவிட்டது. பொத்தானை எத்தனை தரம் அமர்த்தியும் அசையவில்லை, நான் செய்த திருத்தம் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிளம்பருக்கு எடுத்தால் ஊர் முழுக்கப் பொயிலர் பழுது, புதன்கிழமைதான் வரலாம் என்றான். ஆறு நாள் மகன். நீ போனில் பார்ப்பாய் என்று ரைஸ் குக்கர் அங்கேயே இருந்தது, சோற்றைப் பானையில் ஆக்கினேன். அப்பாவின் அறையில் சின்னக் கரண்ட் அடுப்பைப் போட்டு, இரண்டு சுவெற்றரும் ஜக்கற்றும் மாட்டி, தொப்பியோடுதான் அவரைப் படுக்கவைத்தேன். பதினெட்டு வருடம் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிக் குளிர் குடித்த நெஞ்சு அது. மூன்றாம் நாளே இருமல் தொடங்கிவிட்டது. உன்னிடம் சொல்லிவிடவா என்று கேட்டேன். பொடியனுக்குச் சொல்லாத, கேட்டா வேலைய விட்டுப்போட்டு ஓடி வந்திருவான் என்றார்.

புதன்கிழமை பிளம்பர் வந்தான், தாடிக்காரன், அமைதியானவன். பொயிலரைத் திறந்து பார்த்து, இதில் ஒரு பழுதும் இல்லை மேடம் என்றான். மேலே வந்து தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே முக்காலியைக் கண்டு நின்றான். மூடியைத் தூக்கிப் பார்த்தான், உள்ளே வெறும் தண்ணீர். குக்கரின் கரண்டைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் இருபத்தொன்று இறங்கிப் பதின்மூன்றுக்கு வந்தது, கீழே பொயிலர் பற்றும் சத்தம் கேட்டது. சுவரில் இருக்கிற இதுதான் பொயிலருக்கு உத்தரவு கொடுப்பது, ஆறு நாளாக வீடு சூடு என்று நீங்கள் இதற்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னான். அது சூட்டைக் காட்டுகிற பெட்டி என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன். முதல் நாளே நான் சரியாகத் திருத்தி, நானே அதை நிற்பாட்டியும் வைத்திருக்கிறேன். அவன் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அறைக்குள் அப்பா இருமியதைக் கேட்டு, இவரை இன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோங்கள் என்றான்.

அதையும் நான் கேட்கவில்லை. வீடுதான் சூடாகிவிட்டதே, இனிச் சுகம் வந்துவிடும் என்று இரண்டு நாள் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் உனக்குத் தெரியவரும் என்ற பயம். வெள்ளிக்கிழமை அவருடைய உதடு நீலமாகிவிட்டது, றோசலின்தான் என்னை ஏசிவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டா.

நேற்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மருந்து வேலை செய்யவேண்டிய அளவுக்குச் செய்யவில்லை, அடுத்த இரண்டு மூன்று நாள் கடந்தால்தான் எதுவும் சொல்லலாம், பிள்ளைகள் இருந்தால் அறிவியுங்கள் என்றார். உள்ளே போனால் அப்பா முகமூடிக்குள் இருந்து வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் பேச்சை மீறாதவள் என்று நான் சொல்லமாட்டேன், நாளுக்கு மூன்று தரம் மீறியிருக்கிறேன், ஆனால் உன் விஷயத்தில் மீறுவது இதுதான் முதல் தரம். நீ என்னை ஏசலாம். நேரில் வந்து ஏசு.

வேலை இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல், என்னைப் போல் சோடிக்காதே. வரும்போது காதை மூடும் தொப்பி போட்டுக்கொள், வெறும் வயிற்றோடு விமானம் ஏறாதே. விமானத்தால் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வா, ஐந்தாம் மாடி, விலாசத்தை றோசலின் அன்ரி அனுப்புவா. பிள்ளையார் உன்னை ஒரு குறையுமில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பார், என் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இப்போது உன் போனில் பார்த்தால் வீடு இருபது என்று காட்டும். அது உண்மையான இருபது, எல்லா அறையும் நல்ல சூடு. அதைப் பார்த்து ஆறுதல்பட்டு இருந்துவிடாதே மகன், அந்த வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
பே. ஜெயமதி