காலி நாற்காலிகளுக்குக் காவல்

ஜூலை 29, செவ்வாய்

வண்டியைக் கழுவி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கழிவுக் குழாயைச் சுருட்டி வைத்தாயிற்று. நாளை இசை விழாவுக்குக் கிளம்புகிறோம். இந்த மோட்டார் வீட்டில் எல்லாம் உண்டு: அடுப்பு, கட்டில், கழிப்பறை, சண்டை போட இடம். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக மட்டும் அடுத்த அறை கிடையாது.

என் புருஷன் ராய்ஸ் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் நின்று "நிறுத்து" என்று கத்துவது வழக்கம். இப்போது கத்திப் பயனில்லை. போக்குவரத்துப் போலீஸ் மாதிரி இரண்டு கைகளையும் ஆட்டுகிறேன். இன்று வண்டி இடித்துத் தபால்பெட்டி போயிற்று. எதிர்வீட்டுக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்து ரசித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தெட்டு வருடம் சிகையலங்காரக் கடை நடத்தியவள் நான். இந்த ஊரில் யார் தலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்கும்தான் தெரியும்.

சாயங்காலம் ராய்ஸ் பிடிலை எடுத்து ஒரு மணி நேரம் வாசித்தான். காது மங்கியதிலிருந்து அவன் விரல் நிற்கிற இடம் வேறு, சுருதி இருக்கிற இடம் வேறு. அதிகமில்லை, மயிரிழை. அந்த மயிரிழைதான் பல்லைக் கூச வைக்கிறது. காதுக்கருவி மாட்டினால் பேச்சு கேட்கிறது. பிடில் மட்டும் தகர டப்பாவுக்குள் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறதாம். அதனால் வாசிக்கும்போது கழற்றிவிடுகிறான். கழற்றிவிட்டால் பழைய ராய்ஸ் வாசிப்பது அவனுக்குக் கேட்கிறது. எங்களுக்குத்தான் இந்த ராய்ஸ்.

முடித்துவிட்டு, எப்படி என்று புருவத்தைத் தூக்கினான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். தினமும் காட்டுகிறேன். யார் சொல்வது — நானா?

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிங்ஸ்போர்ட்டில் மகள் கோரின் வீடு. வறுத்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. சாப்பாடு முடிந்ததும் ராய்ஸ் பிடிலை எடுத்தான். இவர்கள் வீட்டு நாய் ஹோமருக்குப் பதினாலு வயது, மூட்டுவலி; சோபாவை விட்டு இறங்கவே இறங்காது. இறங்கியது. கதவருகே போய் நின்று கோரினைத் திரும்பிப் பார்த்தது.

"பாரு, இந்த வீட்ல ஒருத்தருக்கும் ரசனையே கெடையாது" என்றான் ராய்ஸ்.

எல்லாரும் சிரித்தோம். தேவைக்குக் கொஞ்சம் கூடவே சிரித்தோம்.

மருமகன் வேட் நல்ல பையன், நூற்று நாற்பது கிலோ. பக்குவமாக ஆரம்பித்தான். "மாமா, இந்த வருஷம் கிடார் வாசிச்சுப் பாக்கலாமே. அதுல சுருதிக்குக் குறுக்குக் கம்பி பதிச்சிருக்கு, விரல் தப்பாது."

"நீ கூடத்தான் பாலே ஆடப் போகலாம், வேட். யாராச்சும் உன்கிட்ட சொன்னோமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாத்திரம் துடைக்கும்போது கோரின் என் காதோடு சொன்னாள். "அம்மா, அங்க அத்தனை பேர் முன்னாடி அப்பா அவமானப்படப் போறாரு. போறதுக்குள்ள சொல்லிடு."

"நீ சொல்லேன். நீதான் அப்பா செல்லம்."

"அதனாலதான் முடியல."

இரண்டு கோழைகளும் சேர்ந்து தட்டுகளைப் பளபளவென்று துடைத்தோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மலை ஏற்றம். என்ஜின் சூடேறியது, ராய்ஸும். இரண்டையும் ஆறவைத்து ஆறவைத்துக் கூட்டிப்போகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்து சேர்ந்தோம். விழா வியாழன்தான் ஆரம்பம். மேடையில் பெரிய பெரிய குழுக்கள் வாசிக்கும்; மேடையை யார் பார்க்கிறார்கள்? எங்களுக்கு ப்ளூகிராஸ் என்கிற இந்த மலைநாட்டு இசை என்றால் வண்டிகளுக்கு நடுவே, மடக்கு நாற்காலிகளில், வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதுதான். மேல் மைதானத்தில் வால்நட் மரத்தடி, இருபத்துமூன்று வருடமாக அதே இடம், அதே ஆட்கள். பர்ல் கிடார். அவன் மனைவி மார்வெல்லா பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம். டூயி பாஞ்சோ. ராய்ஸ் பிடில். பாட்டு வட்டத்தைச் சுற்றி வரும். ஆளுக்கு ஒரு முறை தனியாக வாசித்துவிட்டு, தலையசைத்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நான் எதையும் வாசிப்பதில்லை. வெளியே உட்கார்ந்து வட்டத்திலிருப்பவர்களின் தலைமுடியைப் பற்றிக் கருத்துச் சொல்வேன்.

முதலில் வருகிறவர்கள் மற்றவர்களுக்குக் கயிறு கட்டி இடம் பிடித்துவைப்பது இங்கே வழக்கம். கயிற்றுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் தேவாலயத்தில் பெயர் பொறித்த இருக்கை மாதிரி, யாரும் தொட மாட்டார்கள். பர்ல் போன வாரம் போனில் சொன்னானாம்: "எங்களுக்காகக் காத்துட்டிருக்காத ராய்ஸ், எங்களுக்கு எப்ப தோதுப்படுமோ தெரியாது." எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்னால் கட்டாயம் காத்திரு என்று அர்த்தம். ஆகவே ராய்ஸ் இரண்டு வண்டி நிற்க இடம் அளந்து, கயிறு கட்டி, அவர்களுக்கு மூன்று நாற்காலிகளைப் போட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காவல். ஒஹாயோவிலிருந்து பஸ் அளவுக்கு ஒரு வண்டி வந்தது. கென்ட் என்றொரு மனிதர், புத்தம்புதுத் தொப்பி, விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.

"சார், இந்த எடம் காலியா?"

"காலியாவா தெரியுது?"

"ஆமா சார்."

"அப்ப கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க."

பாவம், குளியலறைக் கழிவுநீர் ஓடுகிற பக்கம் போய்ச் சேற்றில் நிறுத்தினார். அதற்குப் பிறகு வந்த மூன்று பேருக்கும் இதே மரியாதை. ராய்ஸ் கயிற்றுக்கு நடுவில் பிடில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். சாலையில் தூசு எழும்பினால் எழுந்து நிற்கிறான்.

ஆகஸ்ட் 6, புதன்

குளியலறை வரிசையைவிட நம்பகமான செய்தி நிறுவனம் இந்த மலைகளில் கிடையாது. துண்டும் சோப்புமாக நிற்கிறேன். முன்னால் இரண்டு பெண்கள்.

"ஆத்தோரம் போனியாடி? பர்ல் கோஷ்டி ஞாயித்துக்கெழமையிலேர்ந்து அங்கதான். இந்தத் தடவ புதுசா ஒரு பிடில்காரி, டென்னசிக்காரி. வில்ல வெச்சா தேனா ஒழுகுது போ."

"அந்தப் பழைய ஆளு என்னானாரு?"

"அவரா... அவரு மேல இருக்காரு." கண்ணை ஒரு மாதிரி சிமிட்டினாள்.

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வம்பு எனக்குக் கசந்தது. குளிக்காமலே ஆற்றோரம் போனேன். அங்கே நீலத் தார்ப்பாய், அதே கெட்டில், அதே பர்ல். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து! நாங்கள் மலையேறிக்கொண்டிருந்தபோதே வந்து, எங்களுக்குத் தெரியாமல், எங்கள் கண்ணில் படாத மூலையில் — என்னைப் பார்த்ததும் மார்வெல்லாவின் பாஸ் நின்றுபோனது. அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாக. பிடில்காரி கடைசியாக நிறுத்தினாள். நல்ல பெண், நாற்பது வயதிருக்கும். உண்மையாகவே தேன்தான். அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

"அந்த மனுஷன் உங்களுக்காக ரெண்டு நாளா வெயில்ல ஒக்காந்து நாற்காலிக்குக் காவல் காக்கறாரு, மார்வெல்லா."

"ஐயோ. பர்ல் காத்திருக்காதன்னு சொன்னானே!"

"அதுக்கு இந்த ஊர்ல என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

பர்ல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "லவோன், போன வருஷம் என்ன நடந்துதுன்னு நீயும் பாத்தல்ல."

பார்த்தேன். இங்கே யாரும் யாரையும் எழுந்து போ என்று சொல்வதில்லை. ஒருவருக்கு அடுப்பில் பீன்ஸ் கொதிக்கும். இன்னொருவருக்கு நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். வட்டம் தானாகக் கரைந்து, கால் மணி கழித்து வேறெங்கோ கூடும். போன வருடம் எங்கள் மரத்தடியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பீன்ஸ் கொதித்தது. நாயே இல்லாத டூயி நாயைக் கூட்டிப்போனான்.

"அவன் முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றது?" என்றான் பர்ல். "இருபத்துமூணு வருஷமா எங்கூட வாசிச்சவன். நீ பொண்டாட்டி. நீ சொல்லு."

கோரினும் இதையேதான் சொன்னாள். நான் என்ன, இவர்கள் எல்லாருக்கும் பொதுவான வாயா?

திரும்பி வந்தபோது ராய்ஸ் எழுந்து நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாயங்காலத்துக்குள்ள வந்துருவானுங்க. டூயி வண்டி டயர் எப்பவும் மக்கர் பண்ணும்."

தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து மழை. ராய்ஸ் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கயிற்றுக்குள் உட்கார்ந்துவிட்டான். காதுக்கருவி நனையக்கூடாது என்று கழற்றி வண்டியில் வைத்திருந்தான். மூன்று காலி நாற்காலிகளிலும் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. நடந்துபோகிறவர்கள் எல்லாரும் அவனுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்! அவர்கள் தலையசைத்த விதத்தைப் பார்த்தபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். கதவை மூடினேன், ஜன்னல்களை மூடினேன். ரகசியத்தை மெதுவாகச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். கடையில் தலையைக் கழுவிவிட்டுக்கொண்டே காதோடு காதாக எத்தனை சொல்லியிருக்கிறேன். செவிடனிடம் எப்படி மெதுவாகச் சொல்வது?

"பர்ல் வரமாட்டான்" என்றேன்.

"என்ன?"

"பர்ல் வந்துட்டான். ஆத்தோரம் இருக்கான்."

"என்ன சொல்ற? மழைல ஒண்ணும் கேக்கல."

கூரையில் கொட்டு மேளம் மாதிரி மழை. கருவியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. மூச்சை இழுத்துக் கத்தினேன்.

"அவங்க எல்லாம் ஆத்தோரம் வாசிச்சிட்டிருக்காங்க! வேற பிடில்காரி வந்திருக்கா! உனக்குச் சுருதி போயிடுச்சு, ராய்ஸ்! ரெண்டு வருஷமா போயிடுச்சு! அவங்களுக்கு நீ வேணாமாம்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை நின்றது. கடைசி வாக்கியம் மைதானத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் தனியாகப் போயிற்று. எங்கோ வாசித்துக்கொண்டிருந்த மாண்டலின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மரியாதைக்காக, மறுபடி ஆரம்பித்தது.

ராய்ஸ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"கத்தாத" என்றான். "கேக்குது."

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் எழுந்தபோது கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டியிருந்தான். நாற்காலிகளிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்து, மடக்கி, அடுக்கி வைத்திருந்தான். பிறகு சேற்றில் நடந்துபோய் ஒஹாயோக்காரரிடம் நின்றான்.

"எடம் காலியாயிருக்கு. வந்துருங்க."

தானே பின்னால் நின்று கையாட்டி அந்தப் பஸ்ஸை உள்ளே வாங்கினான். கென்டின் மனைவி பிடில் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க வாசிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"வாசிச்சிட்டிருந்தேன்."

மதியம் பர்ல் வந்தான், மார்வெல்லா செய்த பீச்பழப் பலகாரத்தோடு. அதைத் தாங்கிக்கொண்டு குழந்தையைக் கொண்டுவந்தவன் மாதிரி நின்றான். இருவரும் டயரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வேறு டயர்களைப் பற்றி. நான் உள்ளே ஒரே கோப்பையை நான்கு தடவை கழுவினேன்.

கிளம்பும்போது பர்ல் சொன்னான்: "ராய்ஸ், சாயங்காலம் வாயேன். சும்மா ஒக்காந்திருக்கலாம்."

"வரலாம்தான். அடுப்புல பீன்ஸ் வெச்சிருக்கேன், பாக்கணும்."

எங்கள் அடுப்பு எரியவில்லை. பர்லுக்கும் அது தெரிந்தது. தொப்பியைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டு போனான்.

பலகாரம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லவே மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

விழா முடியுமுன் கிளம்பிவிட்டோம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் திறந்திருந்தது. எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வர்ஜீனியாவில் அவன் அக்கா ஐவா வீடு. எண்பது வயது, அவளுக்கும் காது அவுட். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசி, ஒருவரையொருவர் ஆமோதித்துக்கொண்டார்கள். இவ்வளவு சுமுகமான உரையாடலை எந்தக் குடும்பத்திலும் நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டபிறகு ஐவா கேட்டாள். "பிடில் எங்கடா?"

"வண்டில."

"கொண்டா."

தலையை ஆட்டி மறுத்தான். அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பாவும் இப்பிடித்தான். கடைசி ஆறேழு வருஷம் சர்ச்சுல பாட்டுக்கு வாயத்தான் அசைச்சாரு. சத்தமே வராது. எனக்கு மட்டுந்தான் தெரியும், பக்கத்துல நிப்பேன்ல."

"எங்கிட்ட நீ சொன்னதேயில்லையே, அக்கா."

"என்னடா?"



செப்டம்பர் 14, ஞாயிறு

பிடில் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. நான் எதுவும் கேட்காத நாள். வேறு யாரும் குறித்துவைக்கப் போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆற்றோரம் அவர்கள் வாசித்ததை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் துணி மடிக்கப் போனபோது ராய்ஸ் சோபாவில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்று நானும் பார்த்தேன். பர்ல், மார்வெல்லா, டூயி, அந்தப் பெண். போனில் சத்தத்தை அடியோடு அணைத்து வைத்திருந்தான். ராய்ஸின் வலது கால் தரையில் தாளம் போட்டது. திரையில் பர்லின் கால் இறங்கும்போதெல்லாம் இவன் காலும் இறங்கியது, இம்மி பிசகவில்லை. பிடில்காரியின் முறை வந்ததும் முழங்காலில் இருந்த இடது கைவிரல்கள் ஊர ஆரம்பித்தன.

முன்னால் போய் நின்று, அவனுக்குத் தெரிகிற மாதிரி, "சத்தம் வெக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். இப்பதான் எல்லாரும் சுருதி சேந்து வாசிக்கிறாங்க."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன்.