டப்பாவில் பத்து நாள்

மார்ச் 1

அன்புள்ள கண்டக்டர் தம்பிக்கு,

புற்றுநோய் வார்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டில் எழுதி எழுதியே என்னைச் சிரிக்க வைத்த ஆள், வீட்டுக்குப் போனதும் கப்சிப் என்று ஆகிவிட்டாயே! குரல்வளையோடு கையையும் எடுத்துவிட்டார்களா? போனில் பேச உனக்குக் குரல் இல்லை, மெசேஜின் பொடி எழுத்தைப் படிக்க எனக்குக் கண் இல்லை. அதனால் கடிதம்தான்.

இத்துடன் கழுத்துத் துணி மூன்று. மற்றவர்களுக்கு மாஸ்க் போதும். நீ மூச்சு விடுவது கழுத்து ஓட்டை வழியாக அல்லவா? இரட்டை மடிப்பாகத் தைத்திருக்கிறேன். தினமும் துவைத்துக் கட்டு.

நம் இருவரையும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னாரே டாக்டர், நான் பேர் கொடுத்துவிட்டேன். நீ?

உன் கடிதம் வந்தால் மூன்று நாள் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும், அப்புறம்தான் பிரிப்பேன். கோபித்துக்கொள்ளாதே, தபால்காரர் தும்முகிறார்.

உன் சுகத்தையே விரும்பும்,
டெய்லர் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு வணக்கம்.

துணி பிரமாதம். "இப்பதான் உங்களுக்கு ஆபீசர் களை வந்திருக்கு"ன்னு வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

ஊசி விஷயத்தில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் ஊரார் இருமலை எல்லாம் வாங்கிக்கொண்டவன், எனக்கென்ன என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் என்ன மறைப்பது? பயம். உள்ளே தூங்குகிற சனியனை இந்த ஊசி எழுப்பிவிட்டால்? இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை அக்கா.

தம்பி, கண்டக்டர்


மார்ச் 16

தம்பிக்கு,

படித்ததும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு மட்டும் பயம் இல்லையா? இதையேதான் டாக்டரிடம் கேட்டேன். "ஊசி கட்டியை எழுப்பாதும்மா. தொற்று வந்தா உங்க உடம்பு தாங்காது, அதுதான் என் கவலை"ன்னார். போட்டுக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கை வலி. அவ்வளவுதான்.

நான் பக்கத்தில் நிற்கிறேன், வா.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நீங்கள் ஜெயித்தீர்கள். ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பேர் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரி கேட்டருகே நிற்பேன். வீட்டுக்காரியைக் கூட்டி வர மாட்டேன், அவள் எதிரில் கை நடுங்கினால் மானம் போய்விடும். நீங்கள் வந்தால்தான் உள்ளே போவேன்.

தபாலுக்கு மூன்று நாள், டப்பாவுக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை இதைப் பிரித்துவிடுவீர்கள். கண்டக்டர் கணக்கு தப்பாது.

தம்பி


ஏப்ரல் 4

தம்பி,

என்னை மன்னித்துவிடு. தொற்று மறுபடி ஏறுகிறது என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து, டப்பாவில் மூன்று நாள் என்பதைப் பத்து நாள் ஆக்கிவிட்டேன். உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் பாட்டுக்கு ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

தனியாகவே போட்டுக்கொண்டாய் அல்லவா? ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

போடவில்லை. கேட்டருகே நெருக்கியடிக்கிற கூட்டத்தில் பன்னிரண்டு மணிவரை நின்றேன். டெய்லர் அக்காவே பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். உங்களைத் தப்பாக நினைத்ததற்கு நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும். எனக்குக் கோபம் இல்லை.

நாலு நாளாகக் காய்ச்சல். கையெழுத்து கோணிக்கொண்டு போவதைப் பாருங்கள். சாயங்காலம் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாளாம்.

சரியானதும் தேதியை நீங்களே குறியுங்கள். விசில் ஊதத்தான் முடியாது, கையைத் தட்டி வண்டியைக் கிளப்பிவிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நேற்று உன் வீட்டுக்காரி போன் செய்தாள். நீ போய்விட்டாய் என்பதைச் சொல்லி முடிக்க அவளால் முடியவில்லை.

இன்று உன் கடிதம் வந்தது, இந்தத் தடவை தபாலுக்கே ஏழு நாள். டப்பா பக்கமே போகவில்லை. வாசலிலேயே கிழித்துப் படித்தேன். "பத்து நாள் ஆகலையேம்மா?"ன்னு என் வழக்கம் தெரிந்த தபால்காரர் கேட்டார்.

ஊசி போட்டுக்கொள் என்று நச்சரித்தவளும் நான்தான். நீ கிளம்பி வந்த அன்று வராமல் போனவளும் நான்தான். கோபம் இல்லை என்று எழுதிவிட்டாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் தம்பி.

வரும் வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாவது ஊசி, பன்னிரண்டு மணிக்கு. பத்து மணிக்கே வந்து கேட்டருகே நிற்பேன்.

உன்
டெய்லர் அக்கா