மறுப்பு இல்லை என்று பதிந்துவிட்டார்களாம்

ஜூன் 11

காலையில் நிலையத்தில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தோர்ஸ்டன் போனில் பேசினார் — கிரீன்லாந்தின் இந்த வடகோடியில் எங்கள் ஆய்வு நிலையத்தை நடத்தும் மூன்று நாட்டுக் குழுவின் தலைவர்.

"அவியாயா, நல்ல சேதி! ஆகஸ்ட்ல கப்பல் உங்க குடாவுக்குள்ள வருது."

கடலடியை அளக்க இடி மாதிரி சத்தம் விடும் கப்பல். ஆகஸ்டில்! கொம்புத் திமிங்கிலங்கள் உள்ளே வரும் மாதம். அந்தச் சத்தம் கேட்டால் வந்த வழியே போய்விடும். குளிர்காலத்துக்கு ஊரே அந்த வேட்டையைத்தான் நம்பியிருக்கிறது.

"கூட்டத்துல எல்லாரும் வேண்டாம்னாங்களே?"

"இல்லையே. யாருக்காவது மறுப்பு இருக்கான்னு திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்ல. மறுப்பு இல்லைன்னு பதிஞ்சுட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் மண்டபத்தில் கம்ப்யூட்டர் முன்னால் எல்லாரோடும் நானும் உட்கார்ந்திருந்தேனே!

ஜூன் 12

இப்போதுதான் புரிகிறது. இணைப்பு மந்தமாம், அவர்கள் பக்கம் படமே போகவில்லை. குரல் மட்டும்தான். நாங்களோ, கேள்வி வந்ததும் மண்டபமே மூக்கைச் சுருக்கினோம். வேண்டாம் என்பதை இங்கே கைக்குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா ஒருத்தராவது? என்னையும் சேர்த்துத்தான்.

என் கணவர் நூக்கா வேட்டைக்காரர். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு மூக்கைக் காட்டிட்டு வந்திருக்கோமா? நல்லா இருக்கு போ!" அப்புறம் முகம் மாறிவிட்டது. "நீதான் அவங்க ஆளாச்சே. சொல்லி நிறுத்து."

அவங்க ஆளாம்!

ஜூன் 13

தோர்ஸ்டனிடம் தொண்டை வறளக் கத்தினேன். "உங்க கோபம் நியாயந்தான். ஆனா மூணு அரசும் கையெழுத்துப் போட்டாச்சு. எழுத்துல மறுப்பு இல்லையே?" என்கிறார். எழுத்து, எழுத்து! பேசாமல் இருந்தால் சம்மதம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கூட்டுறவாம், கூட்டுறவு! மண்ணாங்கட்டி.

ஆகஸ்ட் 6

கப்பல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9

திமிங்கிலங்கள் போய்விட்டன. படகுகளை வெறுமையாகக் கரையேற்றினார்கள். நூக்கா என்னோடு பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

நவம்பர் 20

மகளுக்குப் பிறந்தநாள். விருந்தில் திமிங்கிலத் தோல் இல்லாத பிறந்தநாள் இந்த ஊரில் உண்டா? கடையில் வாங்கிய உறைந்த கோழியைச் சமைத்து வைத்தேன். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை — அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 4

இனி நேரில் வந்துதான் கேட்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டேன். இன்று தோர்ஸ்டனும் இன்னும் நாலு பேரும் விமானம் ஏறி வந்தார்கள், வரும் கோடைக்கும் அனுமதி கேட்க. மண்டபத்தில் நாற்காலிகள் போட்டேன், காபி போட்டு வைத்தேன்.

காபி ஆறிப்போனது. ஊரிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, ஆட்கள் உள்ளேதான்.

"எப்ப வருவாங்க?" என்று தோர்ஸ்டன் கேட்டார்.

நான் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நூக்கா எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்திருந்தார்.