பவளத்தொட்டியில் செம்புழு

ஜூன் 9
மீன்தொட்டியில் பவளங்களின் மேல் துருப் பிடித்தாற்போலப் புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் நகர்கின்றன. தட்டைப் புழுக்கள், நூற்றுக்கணக்கில். முதலில் கண்டுபிடித்தது என் புருஷன் சிகும்புசோதான். பக்கவாதம் வந்து நான்கு மாதம். வலப்பக்கமும் நாக்கும் போய்விட்டன, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட வைத்தவராயிற்றே.

ஜூன் 11
டர்பனுக்குப் போய் மீன்கடை சிபியாவிடம் மருந்து வாங்கினேன். "அம்மா, எடுத்ததும் ஊத்திடாதீங்க. முதல்ல குழாய் போட்டு முடிஞ்ச மட்டும் புழுவ உறிஞ்சி எடுத்துடுங்க. சாகும்போது விஷத்தைக் கக்கும், மீன் ஒண்ணும் மிஞ்சாது. ஊத்தின கையோட விஷத்தை இழுக்கக் கரி போடணும், தண்ணி மாத்தணும்." இரண்டு முறை சொன்னார். கரியும் வாங்கினேன்.

ஜூன் 12
மருந்தை இன்னும் திறக்கவில்லை.

ஜூன் 14
அவர் இடக்கையால் குழாய் பிடிப்பதுபோல் காட்டி, வாயால் உறிஞ்சிக் காட்டினார். புரிந்தது. "என்னங்க, தாகமா?" என்று தண்ணீர் கொடுத்தேன். துப்பினார். மறுபடி காட்டினார். மறுபடி தண்ணீர் கொடுத்தேன்.

ஏன் இப்படிச் செய்கிறேன்?

தெரியாதா எனக்கு! அன்றைக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் ரத்தம் கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆள் விட்டு இவரைக் கூப்பிட்டேன். தொட்டி மோட்டார் நின்றுவிட்டது, வர முடியாது என்று சொல்லி அனுப்பினான். செத்த குழந்தையை நான் ஒருத்தியாகவே பார்த்தேன். வீடு திரும்பினால் வாசலிலேயே சொல்கிறான், "நல்லவேளை, ஒண்ணும் சாகல." மீனைச் சொன்னான்.

ஜூன் 16
விடுமுறை. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் இன்று வரமாட்டாள். காலையில் புட்டி முழுவதும் ஊற்றினேன்.

புழுக்கள் சுருண்டு சுருண்டு உதிர்ந்தன. அரை மணியில் மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு கோமாளி மீன் ஜோடி. அவன் கத்தினான், கட்டிலில் அடித்தான். திடீரென்று தெளிவாக, "கரி!" நான்கு மாதத்தில் முதல் முழு வார்த்தை.

கரி மூட்டை அடுப்படியில் இருந்தது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகக் கடைசிவரை பார்த்தோம்.

ஜூன் 17
பதினோரு மீன். அள்ளிப் போட்டேன்.

நாத்தனார் சோட்வா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பாவம் அண்ணி நீங்க, ஒத்த ஆளா எதைத்தான் பாப்பீங்க?" அவன் என்னையே விரலால் காட்டினான். "அழாதண்ணே, மீன்தானே," என்று அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். பசித்தது.

ஜூலை 2
பேச்சு திரும்பி வருகிறதாம், நர்ஸுக்குச் சந்தோஷம்.

மத்தியானம் சோளக்கஞ்சி ஊட்டும்போது, "நீ... தெரிஞ்சே..." என்றான்.

கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினேன். "என்னங்க? சொல்லுங்க."

என்னைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அவசரமில்லை.

"ஒண்ணு...மில்ல."

வாயைத் திறந்தான்.