வெண்பூதன் மதிலைச் சுரண்டியது குறித்து

மெய்ந்நாடு நோயின்றி நிலைக்க. நெஞ்சூர் அரண்மனையிலிருந்து, அரசி செம்பியல்நங்கையாரின் பேரமைச்சன் அழிசி நம்பி, தொண்டைத் துறையைக் காக்கும் வெள்ளணுக் கோட்டைத் தலைவர் வெண்பூதனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டைக்கு நலம் கூறுதல் மரபு; கூறிவிட்டோம், மனம் ஒப்பவில்லை.

சென்ற பருவத்தில் உம் வீரர், பகை எது குடி எது என்று பாராமல் மூட்டுச்சேரி மக்கள்மேல் அம்பு எய்தமையால், வீரரின் கொழுப்பை அடக்குமாறு அரசியார் பணித்தார். திமிரை அடக்கச் சொன்னால், நீர் மதிலின் உட்புறக் கொழுப்பையல்லவா சுரண்டி எடுத்தீர்! சீச்சீ, இப்படியும் ஒரு மூளை உண்டா? யாமே நேரில் வந்து பார்த்தோம். முற்றத்தில் குவித்த கொழுப்பு ஊசிப்போய் ஈ மொய்த்துக் கிடந்தது. அந்த நாற்றம் இன்னும் எம் மேலாடையை விட்டுப் போகவில்லை.

அதை வெறும் பூச்சென்றா நினைத்தீர்? மதிலில் நிற்கும் காவற்புரதத்தின் வால், பகை வராத காலத்தில் அக்கொழுப்பில்தான் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பகையைத் தொட்டதும் விடுபடும். விடுபட்ட வாலில், பகை வந்ததென்னும் முத்திரை விழும். முத்திரையை நாடி வரும் தூதுப்புரதங்கள் நழுவாமல் கால் ஊன்றி, ஒன்றையொன்று கண்டு, செய்தியைக் கைமாற்றுவதும் அக்கொழுப்பைப் பற்றிக்கொண்டுதான். நீர் சுரண்டியபின் வால்கள் காரணமின்றித் துடித்தன. தூதர் ஆளுக்கொரு மூலையில் மிதந்தனர். துறையில் கிருமிப்படை இறங்கியதைக் காவலர் கண்டும், செய்தி, படையை ஏவும் உள்ளறையை எட்டவே இல்லை. தொண்டைத் துறை காய்ச்சலில் வெந்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர்களைக் கண்டோம். வயிறு எரிகிறது, வெண்பூதனாரே.

இத்தனைக்கும் பிறகு, ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியதாகச் சொல்லிப் பரிசில் வேண்டி விண்ணப்பித்தீரே, தூ! அதைக் கேட்ட அரசியார் முகம் சுளித்து, உண்ணாமல் எழுந்து போனார்.

சுரண்டிய மதில் இனி நட்பையும் பகையையும் பிரித்தறியாது. அதை விட்டுவைத்தால் எஞ்சிய குடிகளையும் உம் அம்பே கொல்லும். துறையைக் காக்க வடகரைக் கோட்டையார் புறப்பட்டாயிற்று. ஆகவே ஆணை யாதெனில், சுரண்டாமல் விட்ட மூலையில் உள்ள உட்கொழுப்பை எடுத்து மதிலின் வெளிமுகத்தில் பூசுக. உள்ளே இருக்க வேண்டியது வெளியே தெரிந்தால், துப்புரவுப் படையார் அக்கோட்டையைத் தின்று தீர்ப்பர் என்னும் நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. அவர்கள் இப்போதே வழியில் இருக்கின்றனர்.

இவ்வோலை அரசியார் கண்டு, இலச்சினை இட்டது. தலைவராகிய நீர் கோட்டைக்குள்ளேயே இருக்கக் கடவீர். வருவோரிடம் போர் வேண்டா. கதவைத் திறந்து வைக்கவும்.